கோர்ஸ் பிழையா? பதிலை எழுதியது யார் என்று முதலில் பாருங்கள்

உலாவியின் கன்சோலில் சிவப்பாக ஒரு வரி: பதிலில் ‘அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்’ என்ற ஹெடர் இல்லை, ஆகவே கோரிக்கை தடுக்கப்பட்டது. கோர்ஸ் என்பது, ஒரு தளத்தின் பக்கம் வேறொரு முகவரியில் உள்ள சர்வரின் பதிலைப் படிக்கலாமா என்று உலாவி பார்க்கும் விதி; அந்த அனுமதியைச் சர்வர் தன் பதிலோடு வரும் ஹெடர் வரிகளில் சொல்ல வேண்டும். இந்தப் பிழையைக் கண்டதும் தேடி எடுத்த நாலு வரியைச் சர்வர் நிரலில் எங்காவது ஒட்டிப் பார்க்கிறோம். சரியாகாவிட்டால் இன்னொரு நாலு வரி. சாயங்காலத்துக்குள் மூன்று இடங்களில் மூன்று விதமான அனுமதி ஏறியிருக்கும். பிழை அப்படியே இருக்கும், அல்லது வேறு வாசகத்தில் வந்து நிற்கும்.

உலாவி பொய் சொல்லவில்லை. ஹெடர் உண்மையிலேயே வரவில்லை. ஆனால் ஏன் வரவில்லை என்பது உலாவிக்குத் தெரியாது. நான் பிரித்துப் பார்த்த கோர்ஸ் சிக்கல்களில் பெரும்பாலானவற்றில் ஹெடர் எழுதும் நிரல் சரியாகவே இருந்தது. பதில்தான் அந்த நிரலின் கைக்கு வராமலே போயிருந்தது. செயலிக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வரோ, உள்ளே இருக்கும் பாதுகாப்பு வடிகட்டியோ, பழைய பதில்களைச் சேமித்து வைத்திருக்கும் கேஷோ முந்திக்கொண்டு பதில் எழுதியிருந்தது. அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தப் பதிலை எழுதியது யார்?

எடுத்துக்காட்டுக்கு ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம். சேவை ஜாவாவின் ஸ்பிரிங் பூட் சட்டகத்தில் எழுதியது, 8080 போர்ட்டில் ஓடுகிறது. அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ். முகப்புச் செயலி 3000 போர்ட்டில். ஸ்பிரிங்கில் கோர்ஸ் வசதி 2015இல் 4.2 பதிப்போடு உள்ளேயே வந்துவிட்டது. அதற்கு முன்பு ஆளுக்கொரு வடிகட்டியைக் கையால் எழுதிக்கொண்டிருந்தோம். பழைய திட்டங்களில் அந்த வடிகட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கும். அவை பின்னால் வருகின்றன.

கோர்ஸ் ஹெடர்களில் ஆரிஜின் தவிர மற்றவை எல்லாம் ‘அக்சஸ்-கன்ட்ரோல்’ என்றே தொடங்குவதால் இனி அந்த முன்பகுதியை விட்டுவிடுகிறேன். அலவ்-ஆரிஜின், அலவ்-மெத்தட்ஸ் என்று எழுதினால் முழுப் பெயரை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சொற்கள் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். ஆரிஜின் என்பது நெறிமுறை, ஹோஸ்ட், போர்ட் ஆகிய மூன்றும் சேர்ந்தது. மூன்றில் ஒன்று மாறினாலும் வேறு ஆரிஜின். மற்றது ப்ரீஃப்ளைட், இங்கே முன்கேள்வி என்கிறேன். கோரிக்கையின் வினை (மெத்தட்) கெட், ஹெட், போஸ்ட் தவிர்த்த வேறொன்றாக இருந்தாலோ, உடல் ஜேசன் வடிவத் தரவாக இருந்தாலோ, ஆத்தரைசேஷன் போன்ற ஹெடர் சேர்ந்திருந்தாலோ, உலாவி நேராகக் கோரிக்கையை அனுப்பாது. ஆப்ஷன்ஸ் என்ற வினையில் ‘இப்படி ஒன்று அனுப்பலாமா’ என்று முதலில் கேட்கும். பதில் பிடித்திருந்தால்தான் உண்மையான கோரிக்கை கிளம்பும்.

பதிலை எழுதியவரை அடையாளம் காண்பது

உலாவியின் நெட்வொர்க் தாவலில் அந்தக் கோரிக்கையைத் திறந்து நிலை எண்ணையும் ஹெடர்களையும் பாருங்கள். ‘சர்வர்’ என்ற ஹெடரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். என்ஜின்எக்ஸ், பின்னாலிருந்து வரும் பதிலின் சர்வர் ஹெடரை எடுத்துவிட்டுத் தன் பெயரையே எழுதும். எல்லாப் பதிலும் அதனுடையது போலவே தெரியும்.

நல்ல கைரேகை வேறொன்று: எந்தக் கோரிக்கை ஹெடர்களைப் பொறுத்துப் பதில் மாறும் என்று சொல்லும் ‘வேரி’ ஹெடர். ஸ்பிரிங்கின் கோர்ஸ் பகுதி ஒரு கோரிக்கையைத் தொட்டுவிட்டால், அனுமதித்தாலும் மறுத்தாலும், வேரியில் ஆரிஜின், ரிக்வெஸ்ட்-மெத்தட், ரிக்வெஸ்ட்-ஹெடர்ஸ் என்ற மூன்றையும் எழுதிவைக்கும். வேரியில் இந்த மூன்றும் இருந்து அலவ்-ஆரிஜின் மட்டும் இல்லையென்றால், கோரிக்கை ஸ்பிரிங்கின் கோர்ஸ் பகுதி வரை போயிருக்கிறது. உங்கள் அமைப்பில்தான் ஏதோ பொருந்தவில்லை. வேரியே இல்லையென்றால் கோரிக்கை அங்கே போகவே இல்லை. இதை ஒரு முறை பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு இரண்டு பதிவேடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: என்ஜின்எக்ஸின் அணுகல் பதிவு, செயலியின் பதிவு. முதலாவதில் கோரிக்கை இருந்து இரண்டாவதில் இல்லையென்றால், பதில் வாசலிலேயே எழுதப்பட்டுவிட்டது.

போஸ்ட்மேனில் வருகிறது, உலாவியில் வருவதில்லை

இது அறிகுறியே அல்ல, இயல்பு. கோர்ஸ் என்பது உலாவி கடைப்பிடிக்கும் விதி. போஸ்ட்மேன், கர்ல் போன்ற, உலாவி அல்லாத சோதனைக் கருவிகளுக்கு அந்தக் கவலை இல்லை. ‘போஸ்ட்மேனில் வருகிறதே’ என்று சர்வர் குழு சொன்னால் அது எதையும் நிரூபிக்கவில்லை என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

கர்லை வைத்தே சோதிக்கலாம், ஆனால் உலாவி அனுப்புவது போலவே அனுப்ப வேண்டும். வினை ஆப்ஷன்ஸ், ஆரிஜின் ஹெடர், ரிக்வெஸ்ட்-மெத்தட் ஹெடர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் ஸ்பிரிங் அதை முன்கேள்வி என்று ஏற்றுக்கொள்ளும். வெறும் ஆப்ஷன்ஸை அனுப்பி 200 வாங்கிவிட்டு ‘சர்வர் சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருவன்.

கெட்டும் போஸ்ட்டும் போகின்றன. புட், டெலீட், பேட்ச் நிற்கின்றன

பதிலில் 403 (அனுமதி மறுப்பு), உடலில் ‘இன்வாலிட் கோர்ஸ் ரிக்வெஸ்ட்’ என்ற வாசகம், வேரியில் மூன்று பெயர்கள். எழுதியது ஸ்பிரிங்தான். பொது அமைப்பில் ‘ஆட்கோர்ஸ்மேப்பிங்ஸ்’ மூலம் பாதையை மட்டும் சேர்த்துவிட்டு விட்டால், அது தரும் இயல்பான அனுமதி கெட், ஹெட், போஸ்ட் ஆகிய மூன்று வினைகளுக்கு மட்டுமே. மற்றவற்றை ‘அலவ்டுமெத்தட்ஸ்’ பட்டியலில் நீங்களே எழுத வேண்டும். கன்ட்ரோலரின் (கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் வகுப்பு) மேல் ‘கிராஸ்ஆரிஜின்’ குறிப்பை ஒட்டினால் கதை வேறு: அந்தக் கன்ட்ரோலர் எந்த வினைகளை ஏற்கிறதோ அவை தாமாகவே அனுமதி பெறும். ஒரு கன்ட்ரோலரில் குறிப்பை ஒட்டிச் சோதித்துவிட்டு, பிறகு பொது அமைப்புக்கு மாற்றும்போது புட் உடைவது இந்த வேறுபாட்டால்தான்.

பேட்ச் மட்டும் நிற்கிறதா? முகப்பு நிரலில் வினையின் பெயரைச் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபெட்ச் (முகப்பு நிரல் கோரிக்கை அனுப்ப உலாவி தரும் வசதி) விதிப்படி உலாவி கெட், போஸ்ட், புட், டெலீட், ஹெட், ஆப்ஷன்ஸ் ஆகியவற்றைத் தானே பெரிய எழுத்துக்கு மாற்றிவிடும். பேட்ச்சை மாற்றாது. சிறிய எழுத்துப் பேட்ச்சும் பெரிய எழுத்துப் பேட்ச்சும் அதற்கு வேறு வேறு வினைகள். ஒரு மதியம் முழுவதையும் விழுங்கக்கூடிய அற்பக் காரணம் இது.

முன்கேள்விக்கே 401 வருகிறது

டோக்கன் (பயனர் யார் என்று காட்டும் சீட்டு) சரி, பயனர் சரி, உள்நுழைவும் நடந்துவிட்டது. ஆனாலும் ஆப்ஷன்ஸுக்கு 401, அதாவது அடையாளம் காட்டவில்லை என்ற மறுப்பு. உலாவி முன்கேள்வியில் டோக்கனையோ குக்கீயையோ ஒருபோதும் வைக்காது. ஸ்பிரிங்கின் பாதுகாப்புப் பகுதியான ஸ்பிரிங் செக்யூரிட்டியோ சர்வ்லெட் வடிகட்டியாக, கன்ட்ரோலர்களுக்கு முன்பே நிற்கிறது. டோக்கன் இல்லாத யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. உங்கள் கோர்ஸ் அமைப்பு உள்ளறையில் தயாராகக் காத்திருக்கிறது, விருந்தாளிதான் வரவில்லை.

சரியான தீர்வு, பாதுகாப்பு அமைப்பிலேயே ‘கோர்ஸ்’ என்ற பகுதியை இயக்குவது. அப்படிச் செய்தால் கோர்ஸ் வடிகட்டி அடையாளச் சோதனைக்கு முன்னால் வந்து நிற்கும். விதிகளை ‘கோர்ஸ்கான்ஃபிகரேஷன்சோர்ஸ்’ என்ற பெயரில் உள்ள பீனிலிருந்து (ஸ்பிரிங் உருவாக்கி வைத்திருக்கும் பொருள்) எடுத்துக்கொள்ளும். அது இல்லையென்றால் நீங்கள் ஏற்கெனவே பொது அமைப்பில் எழுதியதைப் பயன்படுத்தும்.

இங்கே ஒரு குறுக்குவழி பரவலாகக் கிடைக்கிறது: ஆப்ஷன்ஸ் வினைக்கு மட்டும் ‘எல்லாருக்கும் அனுமதி’ என்று எழுதுவது. முன்கேள்வி உடனே சரியாகிவிடும், அனைவரும் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார்கள். ஒரு மணி நேரத்தில் டோக்கன் காலாவதியாகும்போது மறுபடி ‘கோர்ஸ் பிழை’ கிளம்பும். ஏனென்றால் உண்மையான கோரிக்கைக்கு 401 எழுதுவது செக்யூரிட்டி. அந்தப் பதிலில் அலவ்-ஆரிஜின் இருக்காது. ஹெடர் இல்லாத பதிலின் நிலை எண்ணை உலாவி முகப்பு நிரலுக்குக் காட்டாது. 401 வந்தால் டோக்கனைப் புதுப்பிக்க வேண்டும் என்று முகப்பில் எழுதிய நிரலுக்கு அந்த 401 போய்ச் சேராது. பயனருக்கு ‘இணைப்புப் பிழை’ என்ற வெற்றுச் செய்திதான் மிஞ்சும். வேலை செய்வது போலத் தெரிந்து பிறகு காலை வாரும் இந்தக் குறுக்குவழியை நான் எந்தத் திட்டத்தில் கண்டாலும் அழித்துவிடுவேன்.

முன்கேள்விக்கு 301, 302 அல்லது 307

முன்கேள்விக்கு வரும் பதில் 200 முதல் 299 வரையிலான எண்ணாக இருக்க வேண்டும். இந்த மூன்று எண்களும் குறிக்கும் திசைமாற்றம், அதாவது ‘வேறு முகவரிக்குப் போ’ என்ற பதில், வந்தால் உலாவி அதைப் பின்தொடராது, அங்கேயே நிறுத்திவிடும். திசைமாற்றும் கைகள் மூன்று: எச்.டி.டி.பி.யை எச்.டி.டி.பி.எஸ்.க்கு மாற்றும் என்ஜின்எக்ஸ் விதி, பாதையின் கடைசியில் சாய்கோடு சேர்க்கும் விதி, உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பும் பாதுகாப்பு விதி. பதிலின் ‘லொக்கேஷன்’ ஹெடரைப் பார்த்தாலே மூன்றில் எது என்று தெரிந்துவிடும். முகப்பு நிரலில் முகவரியைச் சரியாக எழுதுவதே முதல் இரண்டுக்கும் மருந்து.

பைத்தானின் ஜாங்கோ சட்டகத்தில் எழுதுகிறவர்களுக்கு இதன் தனி வடிவம் உண்டு. சாய்கோடு சேர்க்கும் வேலையைக் ‘காமன்மிடில்வேர்’ செய்கிறது. ‘கோர்ஸ்மிடில்வேர்’ பட்டியலில் அதற்குக் கீழே இருந்தால், திசைமாற்றப் பதில் அதைத் தொடாமலே வெளியேறிவிடும். மேலே தூக்கி வையுங்கள்.

சிறிய கோப்பு ஏறுகிறது, பெரிய கோப்புக்குக் ‘கோர்ஸ் பிழை’

என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். புகைப்படம் பதிவேற்றும் ஒரு திரை. எங்கள் சோதனைப் படங்கள் எல்லாம் ஏறின. வெளியே போனதும் சிலருக்கு மட்டும் கோர்ஸ் பிழை. ஆரிஜின் பட்டியலைப் பார்த்தோம், சரி. உலாவிப் பதிப்பு, சரி. ஒருவரே ஒரு படத்தை ஏற்றுகிறார், அடுத்த படம் ஏறவில்லை என்று தெரிந்தபோதுதான் மண்டையில் உறைத்தது: கோர்ஸுக்குப் படத்தின் அளவு எப்படித் தெரியும்?

என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கையின் உடலுக்கு இயல்பாக வைத்திருக்கும் உச்சவரம்பு 1 எம்.பி. ‘கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்’ என்ற அமைப்பு அது. அதைத் தாண்டினால் 413 என்று தானே பதில் எழுதிவிடும். ஸ்பிரிங்குக்கு அந்தக் கோரிக்கை வந்ததே தெரியாது. ஆகவே அலவ்-ஆரிஜினும் கிடையாது. உலாவி 413 என்பதை விட்டுவிட்டு ஹெடர் இல்லாததைப் பெரிதாக எழுதிக் காட்டும். எங்கள் சோதனைப் படங்கள் எல்லாம் சில நூறு கே.பி. அளவிலானவை, கைபேசியில் எடுத்தவை அப்படி இருக்குமா?

இதே வழியில் வருபவை 502, 504. செயலி விழுந்து கிடக்கிறது, அல்லது தாமதிக்கிறது. என்ஜின்எக்ஸ் பதில் எழுதுகிறது. முகப்பில் ‘கோர்ஸ் பிழை’. புதிய பதிப்பை ஏற்றும் நிமிடத்தில் மட்டும் கோர்ஸ் பிழை தலைகாட்டினால் காரணம் அநேகமாக இதுதான். கோர்ஸ் அமைப்பைத் தொடாதீர்கள், செயலியைப் பாருங்கள்.

பிழைப் பதில்களிலும் ஹெடர் வேண்டும் என்று என்ஜின்எக்ஸில் ‘ஆட்_ஹெடர்’ எழுதினால் இரண்டு குழிகள் காத்திருக்கின்றன. ஒன்று, இயல்பாக அது 200, 204, 301 போன்ற சில நிலை எண்களுக்கு மட்டுமே ஹெடரைச் சேர்க்கும். 4, 5 என்று தொடங்கும் எண்களுக்குச் சேர்க்காது. வரியின் கடைசியில் ‘ஆல்வேஸ்’ என்ற சொல்லைப் போட வேண்டும். மற்றது இன்னும் மோசம்: உள்ளே இருக்கும் லொக்கேஷன் தொகுதியில் ஒரே ஒரு ஆட்_ஹெடர் வரி இருந்தாலும், வெளியே எழுதிய அத்தனை ஆட்_ஹெடர் வரிகளும் அங்கே செல்லாது. கேஷ் காலத்துக்காக யாரோ ஒரு வரி சேர்ப்பார்கள், அந்தப் பாதையின் கோர்ஸ் முழுவதும் சத்தமில்லாமல் போய்விடும்.

ஹெடர் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் உலாவி மறுக்கிறது

பிழை வாசகத்தில் ‘பல மதிப்புகள்’ என்று வருகிறதா? அப்படியானால் இரண்டு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். ஸ்பிரிங் ஒன்று எழுதியது, என்ஜின்எக்ஸ் அதன் மேல் இன்னொன்று எழுதியது. இரண்டிலும் ஒரே மதிப்பு இருந்தாலும் உலாவி ஏற்காது. அலவ்-ஆரிஜினில் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். முன்னே சொன்ன பழைய கைவடிகட்டிகள் இங்கேதான் வெளிப்படும். யாராவது ஒருவர் மட்டும் எழுதட்டும். என் தேர்வு ஸ்பிரிங்: எந்த ஆரிஜினை அனுமதிப்பது என்பது செயலி எடுக்க வேண்டிய முடிவு, பதிப்பு வரலாற்றிலும் அது இருக்கும். செயலியின் நிரலைத் தொட முடியாத இடத்தில் மட்டும் என்ஜின்எக்ஸில் எழுதி, ‘ப்ராக்ஸி_ஹைட்_ஹெடர்’ கொண்டு பின்னாலிருந்து வருவதை மறைத்துவிடுவேன்.

ஒற்றை மதிப்புதான், ஆனாலும் பொருந்தவில்லை என்றால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடைசியில் ஒரு சாய்கோடு ஒட்டியிருக்கும். ஆரிஜினில் சாய்கோடு கிடையாது. அல்லது லோக்கல்ஹோஸ்ட் என்று அனுமதித்துவிட்டு 127.0.0.1 என்று திறந்திருப்பீர்கள். இரண்டும் ஒரே கணினி, ஆனால் வேறு வேறு ஆரிஜின். அல்லது இரண்டு ஆரிஜின்களைக் காற்புள்ளி போட்டு ஒரே ஹெடரில் எழுதியிருப்பீர்கள். பட்டியலைச் சர்வர் தனக்குள் வைத்துக்கொண்டு, வந்தவரின் பெயர் அதில் இருந்தால் அந்த ஒரு பெயரை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

குக்கீ சேர்த்ததும் உடைந்துவிட்டது

குக்கீயோடு அனுப்பும்போது ‘எல்லாருக்கும்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி செல்லாது. அலவ்-ஆரிஜினில் பெயரைச் சொல்லியாக வேண்டும், அலவ்-கிரெடென்ஷியல்ஸில் ‘ட்ரூ’ வர வேண்டும். அலவ்-ஹெடர்ஸ், அலவ்-மெத்தட்ஸ் ஆகியவற்றிலும் நட்சத்திரம் அப்போது வெறும் நட்சத்திரமாகவே படிக்கப்படும். குக்கீ இல்லாதபோதும் ஆத்தரைசேஷன் ஹெடருக்கு நட்சத்திரம் போதாது, பெயரை எழுத வேண்டும்.

ஸ்பிரிங் 5.3 முதல், நட்சத்திரத்தையும் கிரெடென்ஷியல்ஸையும் சேர்த்து எழுதினால் விதிவிலக்கை வீசித் தடுத்துவிடும். அந்தப் பிழைச் செய்தியே ‘அலவ்டுஆரிஜின்பேட்டர்ன்ஸ்’ பயன்படுத்தலாம் என்று வழியும் சொல்லும். அதைப் படித்துவிட்டுப் பேட்டர்னிலும் நட்சத்திரத்தைப் போடுகிறார்கள். பிழை போய்விடும், கூடவே பாதுகாப்பும் போய்விடும். எந்தத் தளமும் உங்கள் பயனரின் குக்கீயோடு கேட்டு, பதிலைப் படித்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்குச் சமம் அது. பேட்டர்ன் என்பது துணை டொமைன்களுக்காக, அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஹெடரும் சரி, பிழையும் இல்லை, ஆனால் சர்வருக்குக் குக்கீ வரவில்லை என்றால் கோர்ஸை விட்டு வெளியே வாருங்கள். குரோம் 80ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2020இலிருந்து, ‘சேம்சைட்’ (வேறு தளத்திலிருந்து போகும் கோரிக்கையில் சேரலாமா என்ற குறிப்பு) குறிப்பிடாத குக்கீயை ‘லேக்ஸ்’ என்று எடுத்துக்கொள்கிறது. வேறு தளத்திலிருந்து ஃபெட்ச் மூலம் போகும் கோரிக்கையில் அது சேராது. சேம்சைட்டுக்கு ‘நன்’ என்றும், கூடவே ‘செக்யூர்’ என்றும் இரண்டையும் எழுத வேண்டும். அதன் பிறகும் மூன்றாம் தரப்புக் குக்கீயை முற்றாக மறுக்கும் உலாவிகள் இருக்கின்றன. முகப்பையும் சேவையையும் ஒரே டொமைனின் கீழ் கொண்டுவருவதே நிம்மதி.

ஒரே டொமைன்தான், ஆனாலும் 403

இது வேடிக்கையானது. முகப்பும் சேவையும் ஒரே முகவரியில். கோர்ஸுக்கு வேலையே இல்லை. கெட் எல்லாம் போகிறது. போஸ்ட் செய்தால் ‘இன்வாலிட் கோர்ஸ் ரிக்வெஸ்ட்’.

உலாவி ஒரே ஆரிஜினுக்குள் போஸ்ட் செய்யும்போதும் ஆரிஜின் ஹெடரை அனுப்பும். அதில் எச்.டி.டி.பி.எஸ். என்று இருக்கும். என்ஜின்எக்ஸ் அந்த மறையாக்கத்தை வாசலிலேயே அவிழ்த்துவிட்டு, உள்ளே வெறும் எச்.டி.டி.பி.யாக, 8080க்கு அனுப்புகிறது. ஸ்பிரிங் தன் முகவரியையும் வந்த ஆரிஜினையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நெறிமுறை வேறு, போர்ட் வேறு. ‘இவர் அயலூர்க்காரர், பட்டியலிலும் இல்லை’ என்று மறுத்துவிடுகிறது. ஆரிஜின் பட்டியலில் உங்கள் சொந்த முகவரியைச் சேர்த்தால் மறைந்துவிடும், ஆனால் அது நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மருந்து. என்ஜின்எக்ஸ் ஹோஸ்ட் ஹெடரையும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவையும் உள்ளே அனுப்பட்டும். ஸ்பிரிங் பூட்டில் ‘சர்வர்.ஃபார்வர்ட்-ஹெடர்ஸ்-ஸ்ட்ராடெஜி’ என்ற அமைப்பில் ‘ஃபிரேம்வொர்க்’ என்று எழுதுங்கள். என்ஜின்எக்ஸைத் தாண்டி வெளியார் யாரும் நேராக 8080ஐத் தொட முடியாதபடி இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் அந்த ஹெடர்களை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம்.

சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை

இரண்டு முகப்புகள் ஒரே சேவையைப் பயன்படுத்துகின்றன. முதல் முகப்புக்கு எழுதிய பதிலை, அலவ்-ஆரிஜினோடு சேர்த்து, நடுவில் உள்ள கேஷ் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. இரண்டாவது முகப்பு கேட்கும்போது முதலாமவர் பெயர் போட்ட பதிலையே நீட்டுகிறது. வேரி ஹெடரில் ஆரிஜின் என்று இருந்தால் கேஷ் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் இதைத் தானே எழுதுகிறது. கையால் எழுதிய வடிகட்டிகளில்தான் மறந்துவிடுகிறார்கள். நடுவில் உள்ள கேஷ் வேரியை மதிக்கிறதா என்பதையும் அதன் அமைப்பில் பாருங்கள்.

சர்வரில் விதியைக் கடுமையாக்கிய பின்பும் முன்கேள்வி மறுபடி வரவில்லை என்றால், முன்பு கிடைத்த அனுமதியை உலாவி நினைவில் வைத்திருக்கலாம்; மறுப்பை அது நினைவில் வைப்பதில்லை. மேக்ஸ்-ஏஜ் எழுதாவிட்டால் 5 விநாடிதான். ஸ்பிரிங் இயல்பாக 1800 விநாடி என்று எழுதுகிறது. நீங்கள் எவ்வளவு பெரிய எண்ணை எழுதினாலும் குரோம் 7200க்கு மேல், ஃபயர்ஃபாக்ஸ் 86400க்கு மேல் வைத்துக்கொள்ளாது. சோதிக்கும் நாட்களில் நெட்வொர்க் தாவலில் கேஷை முடக்கிவிட்டு வேலை பாருங்கள்.

பதில் வருகிறது, ஹெடரைப் படிக்க முடியவில்லை

நெட்வொர்க் தாவலில் மொத்த எண்ணிக்கை ஹெடர் பளிச்சென்று தெரிகிறது. நிரலில் கேட்டால் வெறுமை. வேறு ஆரிஜினிலிருந்து வரும் பதிலில் கேஷ்-கன்ட்ரோல், கன்டென்ட்-டைப், கன்டென்ட்-லெங்த் போன்ற ஏழே ஹெடர்களை உலாவி தானாகக் காட்டும். லொக்கேஷனோ, கோப்புப் பெயர் தாங்கிவரும் கன்டென்ட்-டிஸ்பொசிஷனோ வேண்டுமென்றால் எக்ஸ்போஸ்-ஹெடர்ஸில் பெயர் சொல்ல வேண்டும்.

ஆரிஜின் ‘நல்’ என்று வருகிறது

பக்கத்தைக் கோப்பாக நேரடியாகத் திறந்திருக்கிறீர்கள், அல்லது சாண்ட்பாக்ஸ் இட்ட (உரிமைகள் குறைக்கப்பட்ட) ஐஃப்ரேம் என்ற உட்சட்டத்துக்குள் இருக்கிறீர்கள். ‘நல்’ என்பதை அனுமதிப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எந்தத் தளமும் ஒரு சாண்ட்பாக்ஸ் ஐஃப்ரேமை வைத்து அந்தப் பெயரில் வந்துவிடலாம். சிறிய உள்ளூர் சர்வர் ஒன்றில் பக்கத்தை ஓட்டுங்கள்.

கோர்ஸ் என்று பெயர் சொல்லிவரும் வேறு நோய்கள்

ஃபயர்ஃபாக்ஸ் ‘கோரிக்கை வெற்றி பெறவில்லை’ என்று சொல்லி நிலை எண்ணையும் காட்டவில்லையென்றால், பதிலே வரவில்லை என்று பொருள். தானே கையொப்பமிட்ட சான்றிதழ், தவறான போர்ட், விளம்பரத் தடுப்பான் ஆகியவற்றைப் பாருங்கள். சேவையின் முகவரியைத் தனித் தாவலில் திறந்து பார்த்தால் சான்றிதழ் எச்சரிக்கை தெரிந்துவிடும்.

இதையெல்லாம் சரிசெய்யச் சோம்பி, ஃபெட்ச்சில் ‘நோ-கோர்ஸ்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. சிவப்பு எழுத்து மறையும். நிலை எண் 0, உடல் காலி. உள்ளே எதையும் படிக்க முடியாத பதில் கைக்கு வரும். வைத்து என்ன செய்வது?

உலாவி மறுத்தது, ஆனால் தரவுத்தளத்தில் பதிவு இருக்கிறது

பயனர் படிவத்தை அனுப்புகிறார். கோர்ஸ் பிழை. மறுபடி அழுத்துகிறார். மறுபடி பிழை. மறுநாள் பார்த்தால் ஒரே ரசீது இரண்டு முறை பதிவாகியிருக்கிறது.

படிவ வடிவத்தில், அல்லது வெறும் உரையாகப் போகும் போஸ்ட்டுக்கு முன்கேள்வி கிடையாது. கோரிக்கை நேராகச் சர்வருக்குப் போகும். பழைய படிவ அமைப்புகளோ, எல்லா ஆரிஜினுக்கும் பதில் சொல்லும் சர்வரோ அதை நிறைவேற்றிவிடும். உலாவி தடுப்பது பதிலைப் படிப்பதை மட்டும்தான். ஸ்பிரிங்கின் கோர்ஸ் பகுதி பட்டியலில் இல்லாத ஆரிஜினை 403 சொல்லித் தானே நிறுத்திவிடும். ஆனால் ஹெடரை மட்டும் ஒட்டும் கைவடிகட்டிகள் நிறுத்துவதில்லை. செயலியின் பதிவேட்டில் அந்தப் போஸ்ட் 200 பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். பெற்றிருந்தால் கைவடிகட்டியை எடுத்துவிட்டு ஸ்பிரிங்கின் சொந்த வசதிக்கு மாறுங்கள். குக்கீயை நம்பும் சேவையாக இருந்தால் வேறு தளம் பயனரின் பெயரில் அனுப்பும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் சி.எஸ்.ஆர்.எஃப். டோக்கனும் வேண்டும், அந்தப் பாதை ஜேசனைத் தவிர வேறெதையும் ஏற்காதபடியும் கட்ட வேண்டும். இரட்டை ரசீதுகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு ரசீதுக்கும் முகப்பே ஒரு தனி எண்ணை உருவாக்கி அனுப்பட்டும். அதே எண் மறுபடி வந்தால் தரவுத்தளம் ஏற்க மறுக்கும்படி தனித்துவக் கட்டுப்பாடு ஒன்றை அந்த எண் இருக்கும் நெடுவரிசையில் போட்டுவிடுங்கள்.